நொதுமலர் வாழ்வு: அமெரிக்கப் பணி நுழைவிசைவும் அன்றாட முற்சாய்வும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எச்-1பி எனும் பணி நுழைவிசைவில் வாழும் இந்தியர், அவருள்ளும் தமிழர், அன்றாடம் எதிர்கொள்ளும் முற்சாய்வை இக்கட்டுரை விளக்குகிறது. இத்தகைய முற்சாய்வைத் தனிமனிதரின் பண்புக்குறை என்று மட்டும் கொள்வது போதாது. அதற்கு மறுமொழி கூற இயலாத நிலையை நுழைவிசைவுச் சட்டத்தின் கட்டமைப்பே தோற்றுவிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பெயர், பேச்சு, பிறப்பிடம் பற்றிய வினா ஆகிய மூன்று களங்கள் இங்கு ஆராயப்படுகின்றன. குடியேறிய சமூகத்தின் உள்ளே நிலவும் சாதி முற்சாய்வும் அதே கட்டமைப்பில் வைத்து நோக்கப்படுகிறது. இந்நிலையை விளக்கத் தமிழ் மரபின் 'நொதுமல்' எனும் சொல் ஆய்வுக் கருவியாக முன்வைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பணி நுழைவிசைவு, எச்-1பி, அன்றாட முற்சாய்வு, நொதுமல், பெயரிடு மரபு, சாதி, புலம்பெயர்வு.

முன்னுரை

தமிழர் புலம்பெயர்வு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வரலாறுகளைச் சார்ந்தே வளர்ந்துள்ளன. ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலாயா முதலிய நாடுகளின் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரின் வரலாறு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' ஆகிய படைப்புகள் இவ்வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுகின்றன. மற்றொன்று, 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின்னர் ஈழத்திலிருந்து வெளியேறிய ஏதிலியரின் வரலாறு. இன்று தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் நேரடியாக அறிந்த மூன்றாவது ஒரு புலம்பெயர்வும் உள்ளது. பட்டம் பெற்று, ஒரு நிறுவனத்தின் விண்ணப்பத்தால் வரையறுத்த காலத்திற்கு அயல்நாடு சென்று, அக்காலத்தை நீட்டித்து நீட்டித்து அங்கேயே பாதி வாழ்நாளைக் கழிக்கும் பணியாளரின் வாழ்வு அது.

இவர்கள் ஏதிலியர் அல்லர். கூலித் தோட்டத்தில் வாடியவரும் அல்லர். நல்ல ஊதியம் பெறுவோர் என்பதால் இவர்களது துன்பம் ஆய்வுக்குரியதன்று எனும் எண்ணம் நிலவுகிறது. ஊரிலுள்ள உறவினரும் அவ்வாறே கருதுவதால், தமக்கு நேர்ந்த சிறுமைகளை இவர்கள் வீட்டாரிடமும் சொல்வதில்லை. சொல்லப்படாத அனுபவம் ஆவணமாவதில்லை. ஆவணமாகாதது ஆய்வுக்கு எட்டுவதில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

இது புள்ளிவிவரக் கள ஆய்வன்று. சட்ட விதிகள், பொதுவெளியில் பதிவான நிகழ்வுகள், சமூகவியல் கருத்தாக்கங்கள், தமிழ்ச் சொல்மரபு ஆகியவற்றை இணைத்து ஒரு நிலைமையை விளக்குவதே இதன் எல்லை.

1. சொல்லும் பொருளும்

ஒருவரை அறியும் முன்னரே அவர் சார்ந்த குழுவை வைத்து அவரைப் பற்றி முடிவுகொள்ளும் மனப்பாங்கினைக் குறிக்கத் தமிழில் தப்பெண்ணம், முன்முடிவு, பாரபட்சம், காழ்ப்பு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் காழ்ப்பு என்பது வெளிப்பட்ட பகையைச் சுட்டும். பாரபட்சம் என்பது செயலில் காட்டும் வேறுபாட்டைச் சுட்டும். பகையும் இன்றி, வெளிப்படையான செயலும் இன்றி, ஒரு பார்வையிலோ வினாவிலோ வெளிப்படும் சாய்வினைக் குறிக்க 'முற்சாய்வு' எனும் சொல்லே பொருத்தமுடையது.

அமெரிக்க உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் முற்சாய்வு வெளிப்படும் படிநிலைகள் ஐந்தனை வகுத்தார். இழிவாகப் பேசுதல், விலகிச்செல்லல், வேற்றுமை காட்டல், உடல்வழித் தாக்குதல், அழித்தொழித்தல் என்பன அவை. 1970இல் உளமருத்துவ அறிஞர் செஸ்டர் பியர்ஸ், கறுப்பின மக்கள் நாள்தோறும் எதிர்கொண்ட சிறு அவமதிப்புகளைக் குறிக்க 'நுண்தாக்குதல்' என்னும் பொருள்படும் சொல்லை உருவாக்கினார். பின்னர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிலோமினா எசெட், 'அன்றாட இனவாதம்' எனும் கருத்தாக்கத்தை வளர்த்தெடுத்தார். தனித்தனியே நோக்கின் அற்பமாகத் தோன்றும் நிகழ்வுகள் மீண்டும் மீண்டும் நிகழ்வதால் ஓர் அமைப்பாகின்றன என்பது அவர் கருத்தின் சாரம்.

தமிழ் மரபு இவ்விடத்து மற்றொரு சொல்லைத் தருகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்திற்கு உரை வகுக்கும் பரிமேலழகர், நடுவுநிலைமை காக்கப்பட வேண்டிய பகுதிகளைப் பகை, நொதுமல், நண்பு என மூன்றாக்குகிறார். நொதுமல் என்பது பகையும் நட்பும் அல்லாத அயன்மை. அக இலக்கியத்தில் தலைவியை மணம்பேச வரும் அயலார் நொதுமலர் எனப்படுவர். பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரு சமூகம் தெளிவான இடம் வகுத்துவிடுகிறது. நொதுமலரின் இடமோ ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக முடிவு செய்யப்படுகிறது. நடுவுநிலைமை நொதுமலர்க்கும் உரியது என்று உரையாசிரியர் தனித்துச் சுட்டியதன் காரணம் இதுவாகலாம். பணி நுழைவிசைவில் வாழ்பவர், சட்டத்தாலேயே நீண்டகாலம் நொதுமலராக வைக்கப்பட்டவர் என்பதை அடுத்த பகுதி விளக்கும்.

2. எச்-1பி: சட்டத்தின் கட்டமைப்பு

எச்-1பி பிரிவு 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்றது. பட்டப்படிப்பை அடிப்படைத் தகுதியாகக் கொண்ட சிறப்புத் தொழில்களுக்கு அயல்நாட்டவரைப் பணியமர்த்த இது வழிசெய்கிறது. ஆண்டு உச்சவரம்பு 65,000 என வகுக்கப்பட்டது. கணினித் துறையின் வளர்ச்சியால் 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளில் இவ்வரம்பு 1,95,000ஆக உயர்த்தப்பட்டுப் பின்னர் பழைய அளவுக்கே திரும்பியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றோர்க்கென 20,000 இடங்கள் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூடுதலாக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளில் ஏற்கப்பட்ட எச்-1பி விண்ணப்பங்களில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை இந்தியாவில் பிறந்தோருடையவை.

இக்கட்டமைப்பில் நான்கு கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, விண்ணப்பம் பணியாளருடையதன்று, நிறுவனத்துடையது. பணியாளர் வேறு நிறுவனத்திற்கு மாறலாம். ஆயின் அந்நிறுவனமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, காலவரையறை. முதலில் மூன்றாண்டு, நீட்டிப்புடன் ஆறாண்டு என்பது பொது விதி. நிரந்தர வதிவுரிமைக்கான நடைமுறை குறிப்பிட்ட நிலையை எட்டியிருப்பின் அதற்கு மேலும் நீட்டிக்கலாம்.

மூன்றாவது, நிரந்தர வதிவுரிமையாகிய 'பச்சை அட்டை'. வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 பச்சை அட்டைகளே வழங்கப்படுகின்றன. எந்த ஒரு நாட்டில் பிறந்தோரும் பொதுவாக ஆண்டின் மொத்தத்தில் 7 விழுக்காட்டிற்கு மேல் பெற இயலாது. இங்குக் கணக்கிடப்படுவது குடியுரிமை அன்று, பிறந்த நாடு. மக்கள்தொகை மிக்க இந்தியாவில் பிறந்தவர் இதனால் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறார். பெற்றோருடன் சிறுவயதில் சென்ற பிள்ளை, அவ்வரிசை நகர்வதற்குள் 21 வயதை எட்டினால் சார்ந்தோர் என்னும் தகுதியை இழக்க நேரிடுகிறது.

நான்காவது, பணியிழப்பின் விளைவு. வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. அனுமதிக் காலம் அதற்கு முன்னரே முடியுமாயின் அவகாசமும் அந்நாளோடு முடியும். 2017இல் நடைமுறைக்கு வந்த இவ்விதிக்கு முன்னர் இந்த அளவு அவகாசமும் விதியாக வகுக்கப்படவில்லை. அதற்குள் புதிய நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வேறு நுழைவிசைவுக்கு மாற வேண்டும், அல்லது நாட்டை விட்டு நீங்க வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, துணைவரின் வாழ்வு ஆகிய அனைத்தும் இந்த 60 நாளைச் சார்ந்தவை. எச்-4 பிரிவில் உடன்வாழும் துணைவருக்கு 2015 வரை பணியுரிமையே இல்லை. அதன் பின்னரும் குறிப்பிட்ட நிபந்தனையை நிறைவு செய்தோர்க்கு மட்டுமே கிட்டியது.

வரியும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் செலுத்தி, வாக்குரிமை இன்றி, ஒரே ஊரில் பதினைந்தாண்டு வாழ்ந்த ஒருவர் சட்டத்தின் பார்வையில் இன்றும் 'குடிவரவாளர் அல்லாதவர்' எனும் வகையிலேயே அடங்குவார். சட்டமே வகுத்த நொதுமல் நிலை என இதனைக் கூறலாம்.

3. வரலாற்றுப் பின்புலம்

ஆசியரைக் குடிமக்களாக ஏற்பதில் அமெரிக்கச் சட்டம் காட்டிய தயக்கம் பழமையானது. 1882இல் சீனத் தொழிலாளரின் வருகை சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பெரும்பரப்பைத் தடைப் பகுதியாக்கியது. 1923இல் பகத்சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' என்னும் வகையில் அடங்கார். ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1946ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை பெறும் தகுதியை இந்தியருக்கு வழங்கியதெனினும், ஆண்டுக்கு 100 பேர் என்பதே குடிவரவு அளவாக இருந்தது. நாட்டினம் சார்ந்த அம்முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின்னரே இந்திய மருத்துவரும் பொறியாளரும் பெருமளவில் செல்லலாயினர்.

திந்த் வழக்கில் ஒரு கூறு சிந்திக்கத்தக்கது. தம்மை உயர்சாதியினராகவும் ஆரியராகவும் காட்டி, அதனால் வெள்ளையருள் தாமும் அடங்குவதாக அவர் வாதிட்டார். ஓர் ஏற்றத்தாழ்வினின்று தப்ப மற்றோர் ஏற்றத்தாழ்வை நாடிய அவ்வாதம் பயன்படவில்லை. இக்கூறு ஆறாம் பகுதியில் மீண்டும் பேசப்படும்.

1987இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் இந்தியரை அச்சுறுத்திய கும்பல் ஒன்று, இந்தியப் பெண்கள் நெற்றியில் இடும் பொட்டைக் கேலி செய்து தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. மங்கலத்தின் அடையாளமாகத் தமிழர் கருதும் ஒன்று தாக்குதலுக்குக் குறியான நிகழ்வு இது.

4. அன்றாட முற்சாய்வின் மூன்று களங்கள்

4.1 பெயர்

தமிழர் பெயரிடு மரபில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும், இயற்பெயர் பின்னும் அமையும். சாதிப் பின்னொட்டை நீக்கிய இருபதாம் நூற்றாண்டுச் சமூக இயக்கத்தின் விளைவாகத் தமிழ்நாட்டில் இம்முறை உறுதிப்பட்டது. அமெரிக்கப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்களைக் கட்டாயமாக்குகிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பின், இயற்பெயர் குடும்பப் பெயராக்கப்பட்டு, முதற்பெயருக்குரிய இடத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகிய 'எஃப்என்யு' அச்சிடப்படுகிறது. வங்கியும் ஓட்டுநர் உரிம அலுவலகமும் அச்சுருக்கத்தையே பெயராகக் கொள்ளும்போது, ஒருவர் 'திரு. அறியப்படாதவர்' ஆகிறார். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை எழுதிய பெண், அலுவலகத்தில் தந்தையின் பெயரால் அழைக்கப்படுகிறார்.

இங்குத் தீய நோக்கம் எவரிடத்தும் இல்லை. எனினும், சாதிப் பெயரை விட்டொழித்த ஒரு சமூகச் சாதனை, மற்றொரு நாட்டின் படிவத்தில் குறைபாடாகப் பதிவாகிறது. அதன்மேல் உச்சரிப்புச் சிக்கலும் சேர்கிறது. ழகரத்தைக் குறிக்க எழுதும் இரு உரோமன் எழுத்துகளை அமெரிக்கர் வேறு ஒலியாகப் படிப்பர். இருமுறை திருத்தும் பணியாளர், மூன்றாம் முறை தம் பெயரைத் தாமே சுருக்கிக்கொள்கிறார். கனிமொழி 'கனி' ஆவதும் இளங்கோவன் 'இளன்' ஆவதும் விருப்பத்தால் நேர்ந்தன போலத் தோன்றினும், விளக்கம் சொல்லிச் சலித்ததன் விளைவே எனலாம்.

4.2 பேச்சு

இந்திய ஆங்கிலத்தின் ஒலிப்பு, கேலிக்குரிய நகைச்சுவைப் பொருளாக அமெரிக்க வெகுமக்கள் ஊடகத்தில் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. கூட்டத்தில் தமிழர் ஒருவர் கூறிய கருத்து கவனிக்கப்படாமல் போவதும், அதே கருத்தை மற்றொருவர் கூறும்போது ஏற்கப்படுவதும், 'நன்றாக ஆங்கிலம் பேசுகிறீர்களே' எனும் பாராட்டும் இக்களத்தில் அடங்கும். பள்ளி முதல் ஆங்கில வழியில் பயின்றவருக்கு அப்பாராட்டு, அவர் பேச இயலாதவர் எனும் முன்முடிவையே வெளிப்படுத்துகிறது.

அயலாரின் பேச்சைக் கொண்டு அவரை அளக்கும் இயல்பு தமிழுக்கும் புதிதன்று. பதிற்றுப்பத்தின் பதிகமும் சிலப்பதிகாரமும் யவனரை 'வன்சொல்' எனும் அடையால் சுட்டுகின்றன. முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சியில் இடம்பெறும் மிலேச்சர், நாவால் உரையாது உடற்குறிப்பால் உணர்த்துவோராகவே காட்டப்படுகின்றனர். அவர்க்கும் ஒரு மொழி இருந்திருக்கும். கேட்போர்க்கு அது மொழியாகப் படவில்லை. மறுபுறம், பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் புகார் நகரில் பிறநாட்டார் கலந்து இனிது வாழ்ந்ததைப் போற்றுகின்றன. ஏற்பும் ஒதுக்கமும் ஒரே மரபில் அருகருகே இருந்தமைக்கு இவை சான்றாகும்.

4.3 வினா

'எந்த ஊர்?' என்பது தமிழகத்தில் உறவு தேடும் வினா. விடை கிடைத்ததும் பொது அறிமுகம் ஒன்று தேடப்படும். அமெரிக்காவில் அதே வினா இருமுறை கேட்கப்படுகிறது. டல்லசிலிருந்து வருகிறேன் என்று விடை கூறியவரிடம், 'உண்மையில் எங்கிருந்து?' எனும் இரண்டாம் வினா எழும்போது, முதல் விடை செல்லாததாக்கப்படுகிறது. மூன்றாம் வினா பெரும்பாலும் 'எப்போது திரும்பிச் செல்வீர்கள்?' என்பதாகும். பணி நுழைவிசைவில் உள்ளவருக்கு இவ்வினா இருமடங்கு கனமுடையது. அதற்கான விடை அவருக்கே தெரியாது; அது அரசின் வரிசையிலும் நிறுவனத்தின் முடிவிலும் உள்ளது. அங்கேயே பிறந்த இந்திய வம்சாவளியினருக்கு இவ்வினா எரிச்சலூட்டும். நுழைவிசைவாளருக்கு அது தம் சட்ட நிலையை நினைவூட்டும். ஒரே வினா ஈரிடத்தும் வேறு பொருள் பெறுவது இங்ஙனமே.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைப் பேண வேண்டும். எச்-1பி திட்டத்தைக் குறைகூறுவதெல்லாம் முற்சாய்வு ஆகாது. தம் இடத்திற்கு வந்தவருக்குத் தாமே பயிற்சியளித்துவிட்டு வேலையிழந்த அமெரிக்கப் பணியாளரின் குறை உண்மையானது. ஊதிய நிலைகள் போதிய அளவு உயர்த்தப்படவில்லை எனும் திறனாய்வும் கொள்கை சார்ந்தது. நிறுவனத்தையும் சட்டத்தையும் நோக்க வேண்டிய சினம், பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவர் மீது திரும்பும்போதே அது முற்சாய்வாகிறது.

5. அறுபது நாளும் நூற்று எண்பது நாளும்

இவற்றுக்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு இல்லையா எனும் வினா எழும். உண்டு. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, இனம், நிறம், சமயம், பால், நாட்டினத் தோற்றம் ஆகியவற்றால் பணியிடத்தில் வேற்றுமை காட்டுதலைத் தடை செய்கிறது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கு இது பொருந்தும். பாதிக்கப்பட்டவர் குடிமகனாக இருத்தல் வேண்டுவதில்லை. ஆயினும், 1986ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை நிலை சார்ந்த வேற்றுமைக்கு எதிராக வழங்கும் பாதுகாப்பு, குடிமக்கள், ஏதிலியர், நிரந்தர வதிவாளருள் ஒரு பகுதியினர் போன்றோர்க்கே உரியது. எச்-1பி பணியாளர் அவ்வரையறைக்குப் புறத்தே நிற்கிறார்.

இருக்கும் பாதுகாப்பையும் பயன்படுத்துவதில் உள்ள இடர்ப்பாட்டைக் காலக்கணக்கு தெளிவாக்கும். ஏழாம் தலைப்பின்கீழ் முறையீடு அளிக்க 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள் அவகாசம் உண்டு. அதன்மேல் விசாரணை பல மாதங்கள் நீளும். முறையீட்டிற்காகப் பழிவாங்குதலைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வேறொரு காரணம் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்டால், அது பழிவாங்கலே என நிறுவப்படுவதற்கு முன்னரே 60 நாள் முடிந்துவிடும். நீதி கிடைக்கும் நாளில் முறையிட்டவர் அந்நாட்டில் இருப்பாரா என்பதே உறுதியில்லை.

எனவே மேலாளரின் கேலிக்குப் புன்னகைப்பதும், கூட்டத்தில் பேசாதிருப்பதும், பதவி உயர்வு தவறியபோது காரணம் கேளாதிருப்பதும் இயல்பான கோழைத்தனம் ஆகா. அவை கணக்கிட்ட அமைதி. இந்த அமைதியே பின்னர் 'இந்தியர் அடங்கிப் போகிறவர்; தலைமைக்குத் தகுதியற்றவர்' எனும் மற்றொரு முற்சாய்வுக்குச் சான்றாக்கப்படுகிறது. சட்டம் தோற்றுவித்த அமைதி, இனத்தின் இயல்பாகத் திரித்துப் படிக்கப்படுகிறது. முற்சாய்வு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் முறை இது. இக்கட்டுரையின் கருதுகோள் இவ்விடத்தே வலுப்பெறுகிறது.

சிறுசொல்லும் கொடுஞ்செயலும் வெவ்வேறு உலகத்தன அல்ல என்பதை 2017 பிப்ரவரி 22 அன்று கன்சாஸ் மாநிலத்து ஓலேத் நகரில் நிகழ்ந்த கொலை உணர்த்தியது. எச்-1பி நுழைவிசைவில் இருந்த பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா மதுவிடுதி ஒன்றில் நண்பருடன் அமர்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் முதலில் அவர்களிடம் வந்து, எந்த நுழைவிசைவில் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டதாக உயிர்தப்பிய நண்பர் தெரிவித்தார். பின்னர் அவன் ஈரானியர் இருவரைச் சுட்டதாக வேறொருவரிடம் கூறினான். தடுக்க முயன்ற அமெரிக்கர் ஒருவரும் குண்டடிபட்டார். நான்காம் பகுதியில் கண்ட வினாவே இங்குக் கொலைக்கு முன்னுரையாயிற்று. ஆல்போர்ட்டின் முதற்படியும் நான்காம் படியும் ஒரே மாலையில் கடக்கப்பட்டன. கணவரைச் சார்ந்த நுழைவிசைவில் வாழ்ந்த அவர் மனைவி, கணவர் இறந்தமையால் தம் வதிவு நிலையையும் இழந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் உதவியால் பின்னரே அதனை மீளப் பெற்றார். கொலையாளியைச் சட்டம் தண்டித்தது. ஆனால் கைம்பெண்ணை நாடற்றவர் போல ஆக்கியதும் சட்டத்தின் ஒரு விதியே.

6. உள்முற்சாய்வு: சாதி

முற்சாய்வுக்கு ஆளானோர் அதனைப் பிறர்மீது செலுத்தார் எனக் கொள்ளுதல் பிழை. 2020இல் கலிபோர்னியா மாநில அரசின் குடியுரிமைகள் துறை, பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் மீதும் அதன் இந்திய மேலாளர் இருவர் மீதும், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரிடம் சாதி வேற்றுமை காட்டியதாக வழக்குத் தொடுத்தது. மேலாளர் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதி வேற்றுமையைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களுள் இதுவே முதலாவது. கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய சட்ட முன்வரைவை, இருக்கும் சட்டங்களே போதும் எனக் கூறி ஆளுநர் அக்டோபரில் மறுத்தார்.

இவ்வழக்கின் முடிவு எவ்வாறாயினும், கட்டமைப்பு நோக்கில் ஒன்று தெளிவு. மேலாளரும் பணியாளரும் ஒரே நாட்டவராக இருக்கும் குழுக்களில், நுழைவிசைவு சார்ந்த அச்சமும் சாதி சார்ந்த அச்சமும் ஒருவர்மேல் ஒருசேர அமைகின்றன. தோளைத் தட்டிப் பூணூல் உண்டா எனப் பார்த்தல், உணவுப் பழக்கத்தைக் கேட்டல், 'சொந்த ஊரில் எந்தத் தெரு?' என வினவல் ஆகியன அமெரிக்க மனிதவள அலுவலருக்குப் புரியாத குறியீடுகள். புரியாததை முறையீடாக எழுதுவதற்கு முன், பாதிக்கப்பட்டவர் சாதி என்பதையே முதலில் விளக்க வேண்டியுள்ளது. அவ்விளக்கத்தில் தம் சாதியையும் வெளிப்படுத்த வேண்டியுள்ளது. திந்த் முன்வைத்த வாதத்தின் நிழல் நூறாண்டு கடந்தும் நீங்கவில்லை.

7. தமிழ்ச் சூழலுக்கு இதன் பொருத்தம்

இவ்வாய்வின் ஆடி தமிழ்நாட்டையும் காட்டுகிறது. திருப்பூர் ஆடைத் தொழிற்கூடங்களிலும் சென்னைக் கட்டுமானப் பணிகளிலும் உழைக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவரை 'வடக்கன்' எனும் ஒற்றைச் சொல்லில் அடக்குகிறோம். அவர்களது தாய்மொழி வேறு வேறாயினும் அனைவரையும் 'இந்திக்காரர்' என்கிறோம். ஒடியரை இந்திக்காரர் என்பதும், இந்தியரை ஈரானியர் என எண்ணுவதும் ஒரே வகைப் பிழை. அவர்கள் இந்நாட்டின் குடிமக்கள், நுழைவிசைவு வேண்டாதவர். எனினும் வாடகை வீடு தேடுகையிலும் பேருந்திலும் அவர்கள் பெறும் பார்வை, டல்லசில் தமிழர் பெறும் பார்வைக்கு வேறன்று. மாநிலம் கடந்த தொழிலாளருக்கென 1979ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் பார்வையை மாற்றிவிடவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

அன்றாட முற்சாய்வின் கனத்தை முடிவு செய்வது சொல்லின் கடுமை மட்டும் அன்று. அதற்கு மறுமொழி கூறுவதற்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலையும் ஆகும். எச்-1பி பணியாளருக்கு அவ்விலை 60 நாள் எனும் வரம்பால் அளக்கப்படுகிறது.

பெயர், பேச்சு, வினா ஆகிய மூன்றும் மொழி சார்ந்த களங்கள். ஆகவே இப்பொருள் சமூகவியலுக்கும் சட்டத்திற்கும் மட்டுமன்றித் தமிழியலுக்கும் உரியது. பெயரிடு மரபு அயல்நாட்டுப் படிவங்களில் அடையும் மாற்றம் தனியே ஆராயத்தக்கது.

புலம்பெயர்வு எனும் சொல்லை ஏதிலியர்க்கே உரியதாக்குவது அதன் பழைய பொருளைக் குறுக்குவதாகும். சிலப்பதிகாரம் அச்சொல்லால் சுட்டியோர் கடல்வழிப் பொருளீட்ட வந்தவர். பணி நுழைவிசைவாளரும் அவ்வரையறையில் அடங்குவர்.

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்கள் மீது ஒரு இலட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது, விடுமுறையில் ஊர் வந்திருந்த பலர் அதன் எல்லை தெளிவாகுமுன் அவசரமாக விமானம் ஏறினர். பெற்றோருடன் இருக்க வந்தவரைச் சில மணி நேரத்தில் திரும்பி ஓட வைத்த அந்நிலையே நொதுமல் வாழ்வின் சுருக்கம். பகைவரும் அல்லர், நண்பரும் அல்லர் என்று நிறுத்தி வைக்கப்பட்டவர்க்கு நடுவுநிலைமை எவ்வளவு கிடைக்கிறது என்பதைக் கொண்டே ஒரு நாட்டின் நடுவுநிலைமையை அளக்க இயலும். அவ்வளவுகோல் அமெரிக்காவிற்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.